நாலு வீதி இல்லாத ஊர்

கனடா போய் ரெண்டு மாசம் ஆனபிறகு, பையன் எங்களைக் கியூபெக் என்ற ஊரைச் சுற்றிக்காட்டக் கூட்டிக்கொண்டு போனான். அவன், மருமகள், இன்னும் நடை வராத பேத்தி, என் வீட்டுக்காரி, நான். மற்ற எல்லோருக்கும் அது ஜாலி டூர். எனக்கு மட்டும் போகிற வழியெல்லாம் ஒரே கேள்விதான். அடுத்த வாரம் ஊருக்குத் திரும்பும்போது என் பெண்டாட்டி என்னோடு விமானம் ஏறுவாளா, மாட்டாளா?

எங்கள் ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் பையன் போக வர டிக்கெட் எடுத்திருந்தான். அங்கே போனபிறகு பேச்சு மெல்ல மாறியது. மருமகளுக்குப் பிரசவ லீவு முடியப்போகிறது. குழந்தையை யாரிடம் விடுவது? பையன் நேராகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "அம்மா மட்டும் இன்னும் கொஞ்ச நாள் இருந்தா..." என்று ஆரம்பிப்பான், என் முகத்தைப் பார்த்ததும் மென்று முழுங்கிவிடுவான். அந்த ஊர் விசாவில் பெற்றவர்கள் வருஷக்கணக்கில் தங்கலாமாம். கொஞ்ச நாள் என்பது எத்தனை நாள் என்று யாரும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரியோ பிடி கொடுத்தே பேசவில்லை. "போறப்ப பாத்துக்கலாம், இப்ப இன்னா அவசரம்?" என்பாள். சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள்.

நீயும் கூடவே இருந்துவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். பையனும் கேட்டான். என்னால் முடியாதப்பா. தென்னேரி ஏரிக்குக் கீழே அப்பா விட்டுப்போன கொஞ்சம் நிலம் இருக்கிறது, நாற்று விட வேண்டும் என்று அவனிடம் சொன்னேன். அது பாதி உண்மை. மீதி உண்மை, எனக்கு அங்கே பேச ஆளில்லை. நான் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். காஞ்சிபுரத்திலிருந்து மாகறல் வழியாக உத்திரமேரூர், வாலாஜாபாத் வழியாகத் தென்னேரி என்று வாழ்நாள் முழுக்கக் கத்திக்கொண்டே இருந்தவன். காலையில் வாயைத் திறந்தால் ராத்திரிதான் மூடுவேன். அப்படிப்பட்டவனைக் கொண்டுபோய், பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாத தெருவில் விட்டால் என்ன ஆவான்? ரெண்டு மாசத்தில் நான் பேசிய பேச்சு, ஊரில் ஒரு டிரிப்பில் பேசுகிற அளவுகூட இருக்காது. ஜன்னல் ஓரமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, குப்பை வண்டி வருகிற நாளுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கியூபெக் அழகான ஊர்தான், சும்மா சொல்லக்கூடாது. ஒரு பெரிய ஆறு, அதன் கரையில் குன்று, குன்றின் மேல் பழைய கோட்டைச் சுவர், சுவருக்குள்ளே கல் பாவிய தெருக்கள். ஜன்னலுக்கு ஜன்னல் பூத்தொட்டி வைத்திருக்கிறார்கள். நாங்கள் போனபோது இலையெல்லாம் சிவந்து உதிர ஆரம்பித்திருந்தது. காற்று காதை அறுத்தது. அங்கே இங்கிலீஷ்கூட ரெண்டாம்பட்சம்தான், எல்லோரும் பிரெஞ்சு பேசுகிறார்கள். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷும் அதோடு போச்சு.

பையன் போனைப் பார்த்துக்கொண்டே முன்னால் போவான். மருமகள் குழந்தை வண்டியைத் தள்ளுவாள். என் வீட்டுக்காரி அதற்குப் பக்கத்தில். நான் கடைசி. கண்டக்டர் பின்படியில்தானே நிற்பான் என்று என்னையே கேலி செய்துகொண்டேன். படம் எடுக்கிற இடம் வந்தால் பைகளையெல்லாம் என்னிடம் கொடுத்துவிட்டுப் போய் நிற்பார்கள். "அப்பா, நீயும் வாப்பா" என்று பையன் கூப்பிடுவான். பைகளை யார் பார்ப்பது? நீங்க எடுங்க என்று சொல்லிவிடுவேன். ரெண்டாவது தடவை கூப்பிட மாட்டானா என்று மனசு அடித்துக்கொள்ளும். அதற்குள் படம் எடுத்து முடித்திருப்பார்கள்.

"இந்தக் கட்டடமெல்லாம் நானூறு வருஷத்துப் பழசுப்பா" என்றான் ஒரு இடத்தில்.

"நானூறுதானா? நம்ம ஊர்ல சாக்கடைகூட அதவிடப் பழசுடா" என்றேன்.

மருமகள் சிரித்துவிட்டாள். "மாமா சொல்றதும் சரிதானே" என்றாள். என் வீட்டுக்காரி மட்டும் என்னை முறைத்தாள். "எல்லாத்துக்கும் ஒரு நொட்டை சொல்லணுமா? புள்ள ஆசையா காட்டறான் இல்ல?"

அவளைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. ஊரில் கோயில் படி ஏறினால் முட்டி வலி, மாடி ஏறினால் முட்டி வலி. இங்கே புடவைக்குக் கீழே வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு அந்தக் குன்று மேட்டில் எங்கள் எல்லோருக்கும் முன்னால் ஏறுகிறாள். ஒரு கடையில் உருளைக்கிழங்கு வறுவல் மேல் குழம்பையும் பாலாடைக்கட்டியையும் கொட்டிக் கொடுத்தார்கள். எனக்குக் குமட்டியது. அவள் ரெண்டு தட்டு சாப்பிட்டாள். இவள் இந்த ஊரில் ஒட்டிக்கொண்டுவிடுவாள், நான் மட்டும்தான் மூட்டையைக் கட்ட வேண்டும் என்று அப்போதே தோன்றிவிட்டது.

மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு ஓட்டலுக்குத் திரும்பினோம். குழந்தை தூங்கியது. மருமகளும் கண்ணயர்ந்தாள். பையன் லீவிலும் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஆபீஸ்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரி பால் பாட்டில்களைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். இதுதான் சமயம் என்று பக்கத்தில் போய் நின்றேன்.

"டிக்கெட் விஷயம் இன்னா பண்ணப் போற?"

"சத்தம் போடாதீங்க, புள்ள முழிச்சுக்கும்."

அவ்வளவுதான் பதில். எனக்குக் கடுப்பாகிவிட்டது. "நான் வெளிய ஒரு சுத்து சுத்திட்டு வரேன்" என்று ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். போன் சார்ஜில் கிடந்தது. அதை எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

எனக்கு வழி தப்பும் என்கிற நினைப்பே கிடையாது. எங்கள் ஊர்க்காரர்கள் யாருக்கும் அது இருக்காது. காஞ்சிபுரத்தில் கோயில் என்று ஒன்று இருந்தால் அதைச் சுற்றி வீதி இருக்கும். காமாட்சியம்மன் கோயிலைச் சுற்றி நாலு ராஜ வீதி. செருப்பை எங்கே விட்டாலும், கோயிலை வலம் வருகிற மாதிரி வலது கைப் பக்கமே திரும்பிக்கொண்டு போனால் விட்ட இடத்துக்கே வந்துவிடலாம். கல்யாணப் பட்டு எடுக்க வெளியூரிலிருந்து வந்து, வண்டியை எங்கே நிறுத்தினோம் என்று முழிக்கிறவர்களுக்கு நானே எத்தனையோ தடவை வழி சொல்லியிருக்கிறேன். "ஒண்ணும் பயப்படாதம்மா, சோத்துக்கை பக்கமே திரும்பிக்கினு போ, தானா வந்துடும்." வந்தும்விடும்.

அந்தத் தைரியத்தில்தான் கியூபெக்கிலும் நடந்தேன். ஓட்டலுக்கு எதிரே ஒரு சர்ச். பச்சை நிறக் கூரை, உச்சியில் கூரான கோபுரம். இதைவிட என்ன அடையாளம் வேண்டும்? ஓட்டல் பெயரைப் படித்துப் பார்க்கக்கூட இல்லை. படித்தாலும் அந்தப் பிரெஞ்சுப் பெயர் என் வாயில் நுழைந்திருக்காது.

முதல் திருப்பம் ஒழுங்காக இருந்தது. ரெண்டாவதில் தெரு வளைந்தது. வளைந்ததோடு விடாமல் கீழே இறங்கியது. எங்கள் ஊர் தாம்பாளம் மாதிரி தட்டையான ஊர், எந்தத் தெருவும் ஆளை இப்படி ஏமாற்றாது. சரி, அடுத்த திருப்பத்தில் மேலே ஏறிவிடும் என்று மறுபடியும் வலது பக்கம் திரும்பினேன். அது ஒரு செங்குத்தான படிக்கட்டில் போய் முடிந்தது. படி இறங்கினால் ஒரு சந்து. சந்து முடிந்தால் அஞ்சு தெரு வந்து கூடுகிற முக்கு. அஞ்சில் எது வலது? கோயிலைச் சுற்றி ஊர் கட்டாதவனிடம் போய் எதைக் கேட்பது?

தலையைத் தூக்கிக் கோபுரத்தைத் தேடினேன். பச்சைக் கூரை தெரிந்தது. போன உயிர் வந்தது. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க ஏறிப் போய்ப் பார்த்தால் அது வேறு சர்ச். எதிரே ஓட்டல் இல்லை, பள்ளிக்கூடம் மாதிரி ஏதோ ஒன்று. அங்கே நின்று பார்த்தால் இன்னும் ரெண்டு பச்சைக் கோபுரம் தெரிகிறது. எங்கள் ஊரிலும் தெருவுக்குத் தெரு கோபுரம்தான். ஆனால் ஊர் எல்லையில் இருக்கிற செவிலிமேட்டுக்கு பஸ் வரும்போதே எது யாருடைய கோயில் என்று சொல்லிவிடுவேன். இங்கே எந்தச் சாமி எங்கே குடியிருக்கிறது என்று எனக்கு என்ன தெரியும்?

நாயைப் பிடித்துக்கொண்டு போன ஒரு அம்மாளை நிறுத்தி, "ஹோட்டல், சர்ச், கிரீன்" என்றேன். நல்ல மனுஷிதான். நின்று, சிரித்து, நீளமாக ஏதோ சொல்லி, கையால் மூணு பக்கம் காட்டினாள். நானும் எல்லாம் புரிந்த மாதிரி தலையை ஆட்டினேன். அவள் போனபிறகு நின்ற இடத்திலேயே நின்றேன். அவள் காட்டிய மூணு பக்கத்தில் எதில் போவது?

தூறல் ஆரம்பித்தது. ஒரு பஸ் ஸ்டாப் கண்ணில் பட்டது, கூரைக்குக் கீழே ஒதுங்கினேன். ஒரு பஸ் வந்து நின்று கதவு திறந்தது. அந்த ஊர் பஸ்ஸில் கண்டக்டர் கிடையாது. டிரைவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். ஏறுகிறாயா என்று கேட்கிற பார்வை. எங்கே போகிற பஸ் என்று தெரியாமல் ஏறிவிட்டு முழிப்பவர்களை ஊரில் எத்தனை வாங்கு வாங்கியிருப்பேன். கையை ஆட்டிப் போகச் சொன்னேன். கதவு மூடிக்கொண்டது, பஸ் போய்விட்டது.

சொன்னால் வெட்கக்கேடு. அங்கே நின்று அழுதேன்.

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் நான் சும்மா போய் நின்றால் போதும், யாராவது ஒருத்தர், "இன்னா சார், எங்க இந்தப் பக்கம்?" என்று கேட்டுவிடுவார்கள். டீ குடிக்கக் கூப்பிடுவார்கள். இங்கே நான் மயங்கி விழுந்தால்கூட இவன் யாருடைய அப்பன் என்று சொல்ல ஒரு ஆளில்லை. ஆனால் வழி தப்பியதற்காக மட்டும் அழவில்லை. அவள் இல்லாமல் நான் ஊருக்குப் போனால் அந்த ஊரும் இப்படித்தான் ஆகிவிடும் என்று தோன்றியது. பூட்டைத் திறந்து நான்தான் உள்ளே போக வேண்டும். விளக்கை நான்தான் போட வேண்டும். தெருவில் நூறு பேர் என்னோடு பேசலாம், நிலத்துக்குப் போனால் அங்கே நாலு பேர் பேசலாம். அதையெல்லாம் வீட்டுக்கு வந்து யாரிடம் சொல்வேன்? அவள் காது கொடுத்துக் கேட்பாள் என்றுதான் நான் வெளியே அவ்வளவு பேசிக்கொண்டிருந்தேனோ என்னவோ.

தூறல் விட்டதும் கால் போன போக்கில் நடந்தேன். ஒரு சின்ன திறந்தவெளி வந்தது. நடுவில் மரம், மரத்தடியில் பெஞ்சு. ஈரத்தைக் கையால் வழித்துவிட்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் எதிர்ச்சாரியில் அவளைப் பார்த்தேன். மாம்பழக் கலர் புடவை, அதன் மேல் மருமகளின் கறுப்புக் கோட்டு, காலில் வெள்ளை ஷூ. சந்தேகமே இல்லை, என் வீட்டுக்காரிதான்.

என்னைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறாள் என்றதும் உச்சி குளிர்ந்துவிட்டது. கூப்பிட வாயைத் திறந்தேன். கூப்பிடவில்லை. அவளைப் பார்த்தால் யாரையும் தேடுகிற மாதிரி இல்லை. ஒரு ரொட்டிக் கடைக் கண்ணாடியில் மூக்கு இடிக்காத குறையாக நின்று, உள்ளே ஒருத்தன் மாவு பிசைவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மாவுக் கையை ஆட்டினான். இவளும் ஆட்டினாள். பிறகு அடுத்த கடை, அதில் கம்பளித் தொப்பிகள். கண்ணாடிக்குள் இருக்கிற தொப்பிக்கு நேராகத் தன் முகத்தின் நிழல் விழும்படி குனிந்து பார்த்து, தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். அவசரமே இல்லாமல் கையை வீசிக்கொண்டு நடந்தாள். ஊரில் அவள் கை எப்போதும் எதையாவது தூக்கிக்கொண்டிருக்கும். காய்கறிப் பை, தண்ணீர்க் குடம், இல்லாவிட்டால் முந்தானைக்குக் குஞ்சம் முறுக்கிக் கட்டக் கூலிக்கு வாங்கி வந்த பட்டுப் புடவைக் கட்டு. வெறுங்கையோடு அவள் நடந்து நான் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

"இந்தா" என்றேன். குரல் சின்னதாகத்தான் வந்தது. அவளுக்குக் கேட்டுவிட்டது. ஓடி வரவில்லை, ரெண்டு பக்கமும் பார்த்து நிதானமாகத் தெருவைத் தாண்டி வந்தாள்.

"இங்கதான் இருக்கீங்களா? இன்னா, மூஞ்சி இப்பிடி வெளுத்துக் கெடக்குது?"

"வழி தெரியல."

"எனக்குந்தான் தெரியல" என்றாள். "போன மனுசன காணோமேன்னு தேடிக்கினுதான் கெளம்பினேன். சோத்துக்கை பக்கமாவே திரும்பிக்கினு வந்தேன். பாத்தா படிக்கட்டுல கொண்டாந்து விட்டுடுச்சு."

"செங்குத்தா இருக்குமே, அந்தப் படிக்கட்டா?"

"அதேதான்."

ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரே ஊர்க்காரர்கள், ஒரே தப்பு. அவள் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் என் தலையைத் துவட்டினாள். கோட்டுப் பையில் அவளுடைய போன் துருத்திக்கொண்டிருந்தது.

"போன வெச்சுக்கினா இவ்ளோ நேரம் சுத்தின? அப்பவே பையனக் கூப்பிட வேண்டியதுதானே?"

"கூப்பிட்டா வந்துடுவான் இல்ல" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குப் பயமா இல்லையா?"

"மொதல்ல இருந்துது. படி எறங்கினதும் திக்குனு ஆச்சு. உங்கள நெனச்சும் கவலையாதான் இருந்துது, ஆனா வாயுள்ள மனுசன், எங்கயும் தொலைய மாட்டாருன்னு ஒரு தைரியம். அப்புறம் பாத்தா ஒருத்தரும் என்ன ஒண்ணும் கேக்கல. ஊர்ல வாசல்ல கால வெச்சா போதும், எங்க போற, எப்ப வருவ, இன்னா வாங்கப் போறன்னு எட்டுப் பேரு கேப்பாங்க. உங்கம்மா படுத்த படுக்கையா இருந்த வருசமெல்லாம் தெருமுனைக் கடைக்குப் போனாக்கூட ஓட்டமும் நடையுமாதான் போவேன். இன்னிக்குத்தான் எங்க போறோம்னு எனக்கே தெரியாம நடந்தேன். நல்லா இருந்துதுங்க."

யாரும் ஒன்றும் கேட்கவில்லையே என்றுதான் நான் பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை என்பதுதான் அவளுக்குச் சந்தோஷமாக இருந்திருக்கிறது. ரெண்டு பேரும் ஒரே வழியில்தான் வந்திருக்கிறோம்.

"அப்ப நீ இங்க இருக்கப் போற" என்றேன்.

அவள் புடவை மடிப்பை நீவி விட்டுக்கொண்டாள். "பேத்திக்காகன்னு சொல்லிக்கலாம். எல்லாரும் நம்புவாங்க, நீங்களும் நம்பிடுவீங்க. உங்ககிட்ட பொய் சொல்ல இஷ்டமில்ல. எனக்கே இருக்கணும்னு இருக்குது. எத்தினி நாளுன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியாது. ஆனா நீங்க வான்னு சொன்னா வந்துடறேன். மூஞ்சியத் தூக்கி வெச்சுக்க மாட்டேன், பின்னால சொல்லிக் காட்டவும் மாட்டேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். நான் வா என்றால் மறுபேச்சு இல்லாமல் பெட்டியைக் கட்டுவாள். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ரெண்டு மாசமாகப் பிடி கொடுக்காமல் இருந்துவிட்டு, கடைசியில் தீர்ப்பை என் தலையில் கட்டிவிட்டாளே. வரமாட்டேன் என்று அவளே சொல்லியிருந்தால் ஒரு சண்டை போட்டிருக்கலாம், நாலு நாள் பேசாமல் இருந்திருக்கலாம். இப்போது யாரோடு சண்டை போடுவது? வா என்ற வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் என் வீடு வீடாக இருந்திருக்கும். ஆனால் அந்த ரொட்டிக் கடைக்கு முன்னால் அவள் நின்ற நிலையை நான் பார்க்காமல் இருந்திருக்க வேண்டும். பார்த்துத் தொலைத்துவிட்டேன்.

"இரு" என்றேன்.

ஒரு தடவையாவது, நீங்க தனியா இன்னா பண்ணுவீங்க என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், அதற்காகத்தான் காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. கேட்டால் நான் பதில் சொல்லிவிடுவேன், பதிலைக் கேட்டால் அவளால் இருக்க முடியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரிங்க" என்றாள். பிறகு போனை எடுத்துப் பையனைக் கூப்பிட்டாள். அவன் பதறிப்போய்க் கத்தியது எனக்கே கேட்டது. போனிலேயே நாங்கள் இருக்கிற இடத்தைப் பார்த்துவிட்டு, கார் உள்ளே வர முடியாது, ஆற்றங்கரை ரோட்டுக்கு இறங்கி வாங்க என்றான்.

கல்லெல்லாம் ஈரம், வழுக்கியது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் தெருவில் கை பிடித்துக்கொண்டு நடந்ததே கிடையாது. எங்கள் பக்கத்தில் யார் அப்படி நடக்கிறார்கள்? கூச்சத்தில் விடுவித்துக்கொள்ளப் பார்த்தேன்.

"இருக்கட்டும். இங்க யாருக்கு நம்மளத் தெரியும்?" என்றாள்.

அவள் கை வெதுவெதுப்பாக இருந்தது. விரலெல்லாம் பட்டு நூலை முறுக்கி முறுக்கிக் காய்த்துப் போயிருந்தது. அதுவும் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. என்னால் எவ்வளவு மெதுவாக நடக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக நடந்தேன். அவளும் அவசரப்படுத்தவில்லை. தெருக்கோடியில் பையனின் கார் திரும்பி வருவது தெரிந்ததும், கையை விட்டுவிட்டாள்.